படு, மூடு, தூங்கு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று தர்சினி கேட்டாள். தர்சினி இப்போது உங்களுக்கு மேலே இருப்பவள். அன்றைக்கு என்னோடு மலையில் நின்றவள். நான் தோட்டப் பள்ளியில் கொஞ்சம்தான் படித்தேன். நாலு வார்த்தை கேட்டால் நாலு வார்த்தைதான் வரும்.

கொழுந்து பறிக்க உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்களுக்கு அது வரும். வராவிட்டாலும் பாதகமில்லை. பறிக்கப் போவது நீங்கள் அல்ல. வெள்ளைக்காரர்கள் பறிப்பார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று "முய் பியென், முய் பியென்" என்று தலையாட்ட வேண்டும். ஸ்பானிய மொழியில் அதற்கு ரொம்ப நல்லது என்று அர்த்தம். முற்றிய இலையைக் கூடையில் போட்டாலும் முய் பியென். காம்போடு முறித்தாலும் முய் பியென். நாங்கள் அப்படிப் பறித்த காலத்தில் கங்காணி வேறு சொற்கள் சொன்னார்.

வத்தேகமவுக்கு மேலே இருக்கும் நம் தோட்டத்தில் துரை பங்களாவை ஹோட்டல் ஆக்கினார்கள். கண்டிக்கு வந்து கோயிலையும் குளத்தையும் பார்த்து முடித்தவர்கள் வேனில் ஏறி இங்கே வருவார்கள். சேலை கட்டிவிடுவோம். தலையில் கூடை மாட்டிவிடுவோம். கொழுந்து பறிப்பார்கள், படம் பிடிப்பார்கள், போவார்கள். அதற்குக் காசு கொடுப்பார்கள். அதே வேலைக்கு நான் ஆயுளில் பாதிக் காலம் கூலி வாங்கினேன். இதில் யாருக்குப் புத்தி குறைவு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வருகிறவர்களில் ஸ்பெயின்காரர்கள் அதிகம். ஆகவே எங்களுக்கு அவர்கள் மொழி வேண்டும் என்று மெனேஜர் முடிவு செய்தார். கண்டி டவுனில் இருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டி வந்தார். மாஸ்டர் கப்பல் சமையலறையில் பல வருடம் வேலை செய்தவர். அங்கே தலைமைச் சமையல்காரன் ஸ்பெயின்காரன். அவன் மாஸ்டரோடு பேசியதெல்லாம் வெட்டு, கழுவு, மூடு, ஓடு. ஆகவே மாஸ்டருக்குக் கட்டளை சுத்தமாக வரும். மற்றதெல்லாம் கொஞ்சம் இழுக்கும்.

பங்களா ஸ்டோர் அறையில் கதிரை போட்டு எங்களை உட்கார வைத்தார்.

"அக்கா, செர்ரார் எண்டா மூடுறது. ஒருத்தன்கிட்ட மூடுன்னு சொல்லணும். என்ன சொல்வீங்க?"

"செர்ரா."

"அதான் இல்ல. சியெர்ரா."

"நடுவுல இந்த சியெ எங்கருந்து வந்திச்சு மாஸ்டர்?"

"ஒடையும் அக்கா. பாரம் விழுற எடத்துல சொல்லு ஒடையும். தூங்குறது தோர்மீர். தூங்குன்னு சொன்னா தோர்மே இல்ல, துவெர்மே. திரும்பி வாறது போல்வெர். திரும்பி வான்னு சொன்னா புவெல்வே."

தர்சினி பத்தாம் வகுப்பு தாண்டியவள். விடமாட்டாள். "ஏன் மாஸ்டர் இப்பிடிச் சும்மா ஒடைக்கிறாங்க?"

"நீங்க மட்டும் என்னவாம்? ஒருத்தன வான்னு கூப்பிடுறீங்க. அவன் வந்துட்டா வாந்தான்னா சொல்றீங்க? வந்தான். நாளைக்கு வாவானா? வருவான். ஒங்க சொல்லு ஒடம்ப மாத்தினா ஒங்களுக்குத் தெரியல்ல. அடுத்தவன் சொல்லு மாத்தினா கேள்வி கேக்குறீங்க."

"மரியாதையா சொல்றதுன்னா?"

"வால் மாறும். சியெர்ரா இல்ல, சியெர்ரே. துவெர்மே இல்ல, துவெர்மா. ஒடைஞ்சது ஒடைஞ்ச மாதிரியே ஈக்கும். ஆனா கூட்டாளிமார் நெறயப் பேர்கிட்டச் சொன்னா ஒடையாது. செர்ராத், தோர்மீத். பாரம் கடைசிக்குப் போயிடும்."

எனக்கு அது விளங்கியது. நனைந்த கொழுந்துக் கூடையின் பாரம் நெற்றியில் விழுந்தால் கழுத்து முறியும். தோளுக்கு இறக்கிவிட்டால் முறியாது. மொழிக்கும் கழுத்து இருக்கிறது போல.

"படுக்கு என்ன மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"அகோஸ்தார்சே. ஒருத்தன்கிட்ட படுன்னா, அக்குவெஸ்தாதே."

தர்சினி சிரித்தாள். "அக்கா, படுக்காதேன்னு சொல்ற மாதிரியே இருக்கு."

"அது ஒன் காது. அவங்க காதுக்குப் படுதான்."

"ஓடாதேக்கு?" என்றேன்.

"அது வேற பாடம். அதுக்கு எல்லாம் தலைகீழாப் போகும். முதல்ல செய். அது முடிஞ்சிதான் செய்யாதே. அடுத்த கிழமை."

அடுத்த கிழமை வரவில்லை. மெனேஜர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொழும்பு ஆள். நல்ல சட்டை போடுவார்.

"என்ன மாஸ்டர் இது? கெஸ்டைப் படு, எழும்புன்னு வெரட்டவா இவங்க இருக்காங்க?"

"சேர், அவங்க ஊர்ல இது வெரட்டுறது இல்ல. உப்பைத் தா, வா, உக்காருன்னுதான் அம்மா புள்ள பேசுவாங்க. யாரும் கோவிக்க மாட்டாங்க."

"நம்ம பிராண்டுக்கு அது சரிவராது."

மாஸ்டர் சோக்குத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே வசனம். தயவுசெய்து என்பதற்குப் போர் ஃபவோர் என்று ஆரம்பித்து, உங்களால் முடியுமா என்று இழுத்து, தயவு என்று முடியும். எதற்கும் அதையே சொல்ல வேண்டும். தர்சினி அதைத் தண்ணீர் போலச் சொன்னாள். நான் பாதியில் மூச்சு வாங்கினேன். என்னிடம் மிஞ்சியது மாஸ்டர் விட்டுப்போன சில சொற்கள். எல்லாம் செய், செய் என்ற வகை. செய்யாதே என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதே நேரம் மெனேஜர் எங்கள் படங்கையும் கழற்றச் சொன்னார். இடுப்பில் சுற்றும் அந்தக் கறுத்த தடிச் சீலை இல்லாமல் உங்கள் அம்மாமார் மலைக்கு ஏறியிருக்க மாட்டார்கள். ஆனால் அது படத்தில் அழுக்காக விழுகிறதாம். பதிலுக்குப் பூப்போட்ட ஏப்ரன் கொடுத்தார். கட்டினோம். என் படங்கை மடித்து என் கூடைக்குள் அடியில் வைத்தேன். கூடையின் அடியில் இருப்பது படத்தில் விழாது.

படங்கு மழைக்கும் முள்ளுக்கும் மட்டும் அல்ல. மலையில் குளவி கலைந்தால் முதலில் கண்டவள் "குளவி, படு" என்று கத்துவாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. படங்கைத் தலையோடு இழுத்து, தேயிலை அடிக்குள் நுழைந்து, முகத்தை மண்ணில் வைத்துக் கிடப்போம். யாரும் "ஓடாதே" என்று கத்துவதில்லை. பயந்தவள் காதில் ஓடு வரைக்கும்தான் விழும். மிச்சம் விழுவதற்குள் அவள் ஓடியிருப்பாள்.

இனி அந்த நாள்.

வேனில் மூன்று பேர் வந்தார்கள். கார்மென் என்ற வயதான அம்மா. அவருடைய மகன் ஆல்பெர்த்தோ, நல்ல உயரம், தலை நரைக்கத் தொடங்கியவன். அவன் மனைவி. கூட்டி வந்த கைட் சிங்களப் பையன். அவனுக்கு ஸ்பானிய மொழி நன்றாக வரும், தமிழ் தட்டுத் தடுமாறி வரும்.

சேலை கட்டும்போது கார்மென் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். கைட் சொன்னான்: "அம்மா, இந்த நோனாவுக்குக் குளவி கொட்டினா தொண்டை மூடிடும். மூச்சு வராது. ஊசி இருக்கு, வேன்ல. இங்க குளவி இருக்கான்னு கேக்குறாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மெனேஜர் பதில் சொன்னார். "நோ, நோ. இங்க அதெல்லாம் கிடையாது."

கீழே மலையில் வாகை மரத்தில் கூடு முறம் போலத் தொங்கியது. தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் ஹோட்டல் விளம்பரத்தில் அந்தக் கிளை இல்லை.

"ஊசிய கையில எடுத்துட்டு வாங்க தம்பி," என்று கைட்டிடம் சொன்னேன்.

"சாப்பிட்டு எடுத்துட்டு வாறேன் அம்மா." அவன் சமையல் கட்டுக்குப் போனான். பசி யாரையும் விடாது.

வாகை மரத்துக்கு எதிர்ப் பக்கமாக, மலையின் அடுத்த ஓரத்துக்கு அவர்களைக் கூட்டிப் போனேன். அங்கிருந்து தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கம் ஒரு கோடாகத் தெரியும். படத்துக்கு நல்ல இடம் என்று கை காட்டினேன். மெனேஜரும் மேலே இருந்து மெச்சித் தலையாட்டினார். கார்மென் சந்தோஷமாகப் பறித்தார். முற்றிய இலை. முய் பியென் என்றேன்.

மகன் பையில் இருந்து ட்ரோன் எடுத்தான். சேலை கட்டிய அம்மாவை வானத்தில் இருந்து பிடிக்க வேண்டுமாம். அது ரீங்காரம் போட்டு ஏறியது. அம்மாவைப் பிடித்தது. நீர்த்தேக்கத்தைப் பிடித்தது. பிறகு மலை முழுக்கத் தனியாக நிற்கும் அந்தப் பெரிய மரம் அவன் கண்ணில் பட்டது.

அங்கே போகாதே என்று சொல்ல வேண்டும். சொல் இல்லை. இருந்ததைச் சொன்னேன். "புவெல்வே." திரும்பி வா. அவன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

ஏன் தெரியுமா? நான் சிரித்த முகத்தோடு சொன்னேன். எங்களைப் பழக்கியது அப்படி. சிரித்துக்கொண்டு சொன்ன கட்டளையை யாரும் கட்டளையாக எடுப்பதில்லை. உங்களையும் சிரிக்கப் பழக்குவார்கள். எங்கே நிறுத்துவது என்பதை நீங்களே பழகிக்கொள்ளுங்கள்.

ட்ரோன் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று சுற்றியது. கூட்டின் மேல் தோல் போல இருந்தது ஒருமுறை அசைந்தது. பிறகு அது மரத்தில் இல்லை.

"குளவி, படு."

தமிழில்தான் வந்தது. பக்கத்து நிரைகளில் உண்மையாகவே பறித்துக்கொண்டிருந்த நம் பெண்கள் அந்த நொடியே மறைந்தார்கள். மலையில் ஆளே இல்லை. நின்றது வெள்ளைக்காரர்கள் மூவரும், பூப்போட்ட ஏப்ரனோடு தர்சினியும்.

தர்சினி மகனின் மனைவியிடம் திரும்பி, படித்தபடி, "போர் ஃபவோர், போத்ரீயா உஸ்தெத்..." என்று ஆரம்பித்தாள். உங்களால் முடியுமா என்பதைத் தாண்டி அவள் போவதற்குள் முதல் குளவி அவள் உதட்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அவள் நம் தோட்டத்துப் பிள்ளையாகிவிட்டாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் விழுந்தாள்.

கார்மென் சேலையைத் தூக்கிப் பிடித்து ஓடத் தொடங்கினார். ஊக்குக் குத்திக் கட்டிய ஆறு கஜச் சேலை. எதிரே வெட்டவெளி. கூடைக்கயிறு கைக்கு எட்டியது. பிடித்து இழுத்தேன். கெஸ்டை அப்படி இழுப்பது நம் பிராண்டுக்குச் சரிவராது. என் மேல் விழுந்தார். என் கூடையைக் கவிழ்த்துப் படங்கை எடுத்து இருவரையும் மூடினேன்.

"அக்குவெஸ்தாதே."

மரியாதை வால் எல்லாம் நினைவுக்கு வரவில்லை. என்னைவிட மூத்த பெண்ணிடம், வா போ என்கிற மாதிரி, படு என்று சொன்னேன். படுத்தார். முகத்தை மண்ணுக்குத் திருப்பிவிட்டேன். "சியெர்ரா" என்று அவர் கண்களைத் தொட்டுக் காட்டினேன். மூடினார்.

மேலே மழை விழுவது போலப் படங்கில் அடித்தன. அவர் கால் உதறியது. கால் உதறினால் சீலை விலகும். விலகினால் ஒன்று வரும். ஒன்று போதும். ஊசி இருந்த வேன் மேலே பங்களா வாசலில் நின்றது.

அசையாதே என்று சொல்ல வேண்டும். அது அடுத்த கிழமைப் பாடம்.

மனிதர் அசையாமல் செய்கிற வேலை என்ன இருக்கிறது என்று யோசித்தேன். யோசித்தேன் என்பது பெரிய வார்த்தை. வாயில் வந்தது.

"துவெர்மே," என்றேன். தூங்கு.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நான் மறுபடியும் சொன்னேன். மெல்ல, பிள்ளையைத் தட்டுவது போல முதுகில் தட்டிக்கொண்டு. துவெர்மே, துவெர்மே. கண்ணை மூடினார். கால் நின்றது.

அப்போது மகனின் குரல் கேட்டது. அம்மாவைத் தேடி எங்கள் பக்கமாகவே ஓடி வந்தான். கையை வீசிக்கொண்டு வந்தான். அவன் தலைக்கு மேல் ஒரு கூட்டமே வந்தது. பாசம் நல்லதுதான். ஆனால் அவன் கொண்டு வந்தது பாசத்தை மட்டும் அல்ல.

படங்குக்குள் இருந்து "அக்குவெஸ்தாதே" என்று கத்தினேன். அவன் நிற்கவில்லை. தேயிலை பறிக்கும் கிழவி சொன்னால் யார் படுப்பார்கள்?

கார்மென் கண்ணைத் திறக்கவில்லை. தலையைத் தூக்கவில்லை. மண்ணில் வாயை வைத்தபடி ஒரு குரல் கொடுத்தார்.

"ஆல்பெர்த்தோ. அக்குவெஸ்தாதே."

நான் சொன்ன அதே சொல். நரைத்த மகன் நின்ற இடத்தில் அப்படியே விழுந்தான். அங்கே கான் இருந்தது. தண்ணீர் ஓடும் குழிக்குள் முகம் புதைத்துக் கிடந்தான். கொட்டுகிறவை அவனைக் கொட்டின. எங்கள் பக்கம் வரவில்லை.

ஒன்று மட்டும் உள்ளே வந்தது. சீலை ஓரத்தால் ஊர்ந்து, கார்மெனின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. குளவியை நசுக்கக் கூடாது. நசுங்கிய வாசனைக்கு மற்றவை வரும் என்று நாங்கள் சொல்வோம். என் கையை அதற்கு முன்னால் வைத்தேன். ஏறியது. நசுக்காமல் கையை மூடிக்கொண்டேன். அது தன் வேலையைச் செய்தது. நான் என் வேலையைச் செய்தேன். முதுகில் தட்டுவது மற்றக் கையால்.

எப்போது எழும்புவது என்பதைப் பற்றி எந்த மொழியிலும் பாடம் இல்லை. சத்தம் அடங்கியதும் நாங்கள் எழும்புவதில்லை. காலால் கூடையை உருட்டிவிடுவோம். கூடையில் வந்து மோதினால் இன்னும் கிடப்போம். உருட்டினேன். ஒன்றும் மோதவில்லை. இன்னும் கொஞ்சம் கிடந்து, மறுபடியும் உருட்டினேன். பிறகுதான் படங்கை விலக்கினேன்.

கார்மெனின் கழுத்தைப் பார்த்தேன். கையைப் பார்த்தேன். சேலையை விலக்கிக் காலைப் பார்த்தேன். மண் மட்டும்தான். அவர் மூச்சு விட்டுக் காட்டினார். தொண்டையைத் தொட்டு, சரி என்பது போலத் தலையை அசைத்தார்.

கைட் ஊசியோடு ஓடி வந்தான். சாப்பாட்டுக் கையோடு. ஊசி பிரிக்காமலே திரும்பிப் போனது. மகனின் முகம் பூசணிக்காய் ஆகியிருந்தது. வத்தேகம ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து கண்டிக்கும் கொண்டு போனார்கள். பிழைத்தான். ட்ரோன் வாகை மரத்திலேயே மாட்டிக்கொண்டது. அதை எடுத்து வர யாரும் முன்வரவில்லை. தர்சினியின் உதடு ஒரு வாரம் வீங்கியிருந்தது. அந்த வாரம் அவள் யாரிடமும் போர் ஃபவோர் சொல்லவில்லை.

மகனை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பங்களா வாசலில், மெனேஜர் என்னிடம் வந்தார்.

"என்ன அம்மா, கெஸ்டைப் பிடிச்சு இழுத்தீங்களாம். கத்தினீங்களாம். மேல இருந்து எனக்கே கேட்டிச்சு. ஒரு வார்த்தையாச்சும் மரியாதையா வந்திச்சா?"

"இல்ல சேர்."

"நாளைக்கு இவங்க இதப்பத்தி எழுதினா யார் பதில் சொல்றது? நாளையில இருந்து நீங்க வேலைக்கு வரணுமான்னு யோசிக்கணும்."

கார்மென் மண் ஒட்டிய சேலையோடு கதிரையில் இருந்தார். மெனேஜர் என்ன சொல்கிறார் என்று கைட்டைக் கேட்டார். கைட் சொன்னான். பாதியை விழுங்கியிருப்பான். மீதியே போதுமாக இருந்தது.

கார்மென் எதிரே இருந்த கதிரையைக் காட்டி மெனேஜரிடம் சொன்னார்: "சியெந்தெசே."

உட்காருங்கள். உடைந்த சொல், மரியாதை வாலோடு. மாஸ்டர் இருந்திருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பார். மெனேஜர் உட்கார்ந்தார். கெஸ்ட் சொன்னால் செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

கார்மென் இன்னும் மூடியிருந்த என் கையைப் பிடித்து விரித்தார். அது ரொட்டி போல ஊதியிருந்தது. உள்ளே செத்த குளவி. அதை மெனேஜருக்குக் காட்டி, இன்னொரு சொல் சொன்னார். "பீதா." பிறகு என்னைக் காட்டினார்.

"சேர், கேளுங்கன்னு சொல்றாங்க. மன்னிப்புக் கேக்கட்டாம்," என்றான் கைட்.

மெனேஜர் கார்மெனிடம் மன்னிப்புக் கேட்டார். நன்றாகக் கேட்டார், ஆங்கிலத்தில். கார்மென் தலையை ஆட்டினார். அது இல்லை. விரல் மறுபடியும் என் பக்கம் திரும்பியது. "பீதா."

"மன்னிச்சுக்கங்க அம்மா," என்றார் மெனேஜர். கதிரையைப் பார்த்துச் சொன்னார். நான் அந்தக் கதிரையின் சார்பாக ஏற்றுக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது மன்னிப்பு அல்ல, கொஞ்சம் சுண்ணாம்பு.

கார்மென் வேனில் ஏறுவதற்கு முன்னால் என் காதடியில் குனிந்து, "துவெர்மே" என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். வேலை போகவில்லை.

ஹோட்டல் பாடம் படிக்கவில்லை என்று சொல்லக் கூடாது. படித்தது. மலை வாசலில் மூன்று மொழிகளில் பலகை வைத்தார்கள்: ஓடாதீர்கள், கத்தாதீர்கள், கையை வீசாதீர்கள். ஓடுகிறவன் நின்று வாசிப்பதற்கு வசதியாகப் பெரிய எழுத்தில் இருக்கிறது. படங்கும் திரும்பி வந்தது. இப்போது அது பாரம்பரிய உடையாம். மெல்லிய பருத்தியில், கரையில் பூ வேலை போட்டு, ஹோட்டல் சின்னம் தைத்து, உங்களுக்கு ஆளுக்கு ஒன்று தந்திருப்பார்கள். படத்தில் அழகாக விழும். குளவியின் கொடுக்கு அதைத் தாண்டி வரும்.

அதைக் கட்டாதீர்கள் என்றுதான் எழுத நினைத்தேன். பிறகு யோசித்தேன். கட்டாதே, போகாதே, ஓடாதே என்பதெல்லாம் நான் படிக்காத பாடம். படித்ததை வைத்துச் சொல்கிறேன்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவின் படங்கைக் கேட்டு வாங்குங்கள். மடித்துக் கூடையின் அடியில் வையுங்கள்.